மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் இங்கே முக்கால்வாசி நலம். மூட்டு வலி வழக்கம்போல, வாய் வழக்கத்தைவிட அதிகம், கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

நம் பெரியவள் போட்ட கடிதம் வந்தது. ஆபரேஷன் முடிந்து பதினாலு நாள் ஆகிவிட்டது, தொண்டையில் இருந்தது கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது என்று படித்தபோதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்பது நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னதை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், குரல் பழையபடி வருமா, வெறும் காற்றாக வருமா என்பது நாற்பதாம் நாள் வாயைத் திறந்தால்தான் தெரியும் என்று அவர் சொன்னதையும் எழுதியிருந்தாள். பொடியாக எழுதினால் அப்பா கண்ணுக்குத் தப்பிவிடும் என்று நினைத்தாள் போல. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நாலு தரம் படித்தேன்.

நான் பக்கத்தில் இருந்தால் நீ பதில் பேசாமல் இருக்க மாட்டாய் என்று சொல்லி அந்த டாக்டர் என்னை ஊருக்கு விரட்டினாரே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் மனுஷர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். ஜன்னலை மூடட்டுமா என்று நான் ஒரு வார்த்தை கேட்டதற்கே நீ சண்டைக்குத் தயாராக வாயைத் திறந்தாயே, நர்ஸ் ஓடி வந்து கையால் பொத்தினாள். போனில் பேசினாலும் அதே கதைதான் என்று பெரியவள் போனையும் உன்னிடம் தர மறுக்கிறாள். ஆகவே கடிதம்.

வீட்டுச் சேதி என்னவென்றால், பால் இரண்டு தரம் பொங்கி அடுப்பை அணைத்தது. மூன்றாம் தரம் கண் கொட்டாமல் பக்கத்திலேயே நின்றேன், பொங்கவே இல்லை. பேப்பரை எடுக்கத் திரும்பினேன், பொங்கிவிட்டது. முப்பத்தாறு வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவனுக்கு ஒரு சட்டிப் பாலின் டைம் பிடிபடவில்லை. அங்கே ஒரு நிமிஷம் முன்னால் வண்டியை எடுத்தவனை விட்டிருக்கிறேனா? தாமதமாக வருகிறவனையாவது மன்னிப்பேன், முன்னால் கிளம்பி ஸ்டாப்பில் நிற்கிற ஜனத்தை ஏமாற்றுகிறவனை விடவே மாட்டேன் என்று டெப்போவுக்கே தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாதே. அலமாரிக்கு மேலே துணி சுற்றி வைத்திருந்த ரெக்கார்டு பிளேயரைக் கீழே இறக்கினேன். வீடு அப்படி அமைதியாக இருக்கிறது. கொஞ்சம் அமைதியாக இரேன் என்று உன்னிடம் எத்தனை தரம் எரிந்து விழுந்திருப்பேன், என் வாயைக் கழுவ வேண்டும். உன் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. இந்த வீட்டில் உன் குரல் வேறு எங்கே இருக்கிறது சொல்லு? கல்யாணமான மறு வருஷம் ஒரு சின்னக் கம்பெனிக்காரன் நாலு பேரைப் பாட வைத்து ரெக்கார்டு போட்டானே, அந்தத் தட்டில் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டாகத்தான் இருக்கிறது.

போட்டேன். தட்டு சுற்றியதே பெரிய காரியம். ஆனால் பாட்டு மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி வந்தது. இழுக்கிறது, நிற்கப் பார்க்கிறது, திடீரென்று உதறிக்கொண்டு ஓடுகிறது. பாடுவது நீயா, பல்வலிக்காரன் எவனாவதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தட்டைச் சுழற்றுகிற ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று புரிந்தது. இதே கோளாறு அந்தக் காலத்திலும் வந்ததே. உன் ரெக்கார்டு வருவதற்கு ஒரு மாதம் முன்னால் பெல்ட் வழுக்கியபோது, டெப்போ எலக்ட்ரீசியனிடம் கறுப்பு டேப் வாங்கி வந்து, மோட்டார் தலையில் இருக்கிற சின்னக் கப்பியில் மூணு சுற்று இறுக்கிச் சுற்றி, பெல்ட்டுக்குப் பிடிப்பு வர வைத்தேனே. மாப்பிள்ளைக்கு இன்ஜினீயர் மூளை என்று உங்கள் அப்பாகூட வாய் நிறையச் சொன்னாரே. அப்புறம் புது பெல்ட் கிடைத்து அதன் மேலேயே மாட்டியதும் ஜம்மென்று ஓடியது. அந்தக் கை இப்போது நடுங்குகிறது, அதனால் ஆள் தேடிப் போனேன்.

டிவி ரிப்பேர்க் கடைக்காரன் மூடியைக்கூடத் திறக்காமல் எடைக்குப் போடுங்க சார் என்றான். அவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்தால், எதிரே தையல் மெஷின் ரிப்பேர் செய்கிற அம்மா வருகிறார். கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு போவாரே, அவரேதான். என் கையில் இருந்ததைப் பார்த்து நின்றார். பெல்ட்டில் ஓடுகிற எதுவும் எனக்குச் சொந்தக்காரன்தான், வீட்டில் கொண்டு வைங்க, வந்து பார்க்கிறேன் என்றார்.

நாற்பதில் பதினாலு போய்விட்டது. மீதி இருபத்தாறையும் வாயைத் திறக்காமல் தள்ளிவிடு. உன்னால் முடியாது என்று பெரியவளிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன், தயவு செய்து என்னைத் தோற்கடி.

இப்படிக்கு,
பேச ஆளில்லாமல் தவிக்கும்
உன் வீட்டுக்காரன்


என் அருமைச் சுண்டெலிக்கு,

நீ கைப்பட எழுதிய நாலு வரி கிடைத்தது. அந்த ரெக்கார்டை எதற்கு எடுத்தீர்கள், எலி கத்துவதைக் கேட்க இந்த வயதில் ஆசையா, துணியைச் சுற்றி மேலே ஏற்றுங்கள் என்று உத்தரவு போட்டிருக்கிறாய். கடைசி வரியில் பேனா தாளையே கிழித்திருக்கிறது. வாய்க்குத்தானே ஓய்வு, கோபத்துக்கு இல்லையே, நல்லது, உடம்பு தேறுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

எலி என்று முதலில் சொன்னது என் தங்கைதான், நான் இல்லை. ரெக்கார்டு வந்த அன்றைக்கு அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து முள்ளை வைத்தால், கீச்சென்று ஒரு குரல். அண்ணி எலி மாதிரி பாடுறாங்க என்று அவள் சொல்ல, கூடம் கொல்லென்று சிரித்தது. நானும்தான் சிரித்தேன். மைக்கில் அப்படித்தான் கேட்கும் என்று உனக்குச் சமாதானமும் சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டேதான் முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போனாய். அப்புறம் நான் உன்னை ஆசையாகத்தானே சுண்டெலி என்று கூப்பிடுகிறேன், முப்பத்துநாலு வருஷமாக?

நல்ல சேதி சொல்கிறேன் கேள். மெஷின்காரம்மா வந்தார். அடேயப்பா, அது வேலை! முதலில் சோப்புப் போட்டு முழங்கை வரை கையைக் கழுவினார், டாக்டர் ஆபரேஷனுக்குப் போகிற மாதிரி. பிளேயரின் சுழல்தட்டைத் தூக்கினார். பழைய பெல்ட் செத்த பாம்பாக உள்ளே கிடந்தது. நான் ஆசையாக எடுக்கப் போனேன், புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். விரல் எண்ணெய் பட்டால் ரப்பர் வழுக்குமாம், இனிமேல் தொட்டால் கிளம்பிப் போய்விடுவாராம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான், கையைக் கட்டிக்கொண்டு!

ஒரு மர ஸ்கேலின் ஒரு முனையை மோட்டாரில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை, பாவம் அதுபாட்டுக்கு ஓடுது, மேலே இருக்கிறதுதான் அதோட ஒத்துழைக்க மாட்டேங்குது என்றார். நம் வீட்டைப் பற்றிச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். நடுத்தண்டில் எண்ணெய் காய்ந்து மெழுகாகியிருந்தது. அதை வழித்துத் துடைத்து, நீள மூக்கு டப்பாவிலிருந்து ரெண்டே சொட்டு விட்டார். மூன்றாவது சொட்டு மூக்கு நுனியில் தொங்கியது, அதை விடாமல் திருப்பி உறிஞ்ச வைத்தார். பெல்ட் ஓடுகிற பாதையில் தையல் நூலைச் சுற்றி அளவு எடுத்துக்கொண்டு போனவர், அந்த நூலோடு பெரிய கடைத்தெரு பூராவும் அலைந்து, மூன்றாம் நாள் அதே அளவில் புது பெல்ட்டோடு வந்து மாட்டினார். அத்தனை அலைச்சலுக்கும் என்னிடம் கேட்டது சர்க்கரை இல்லாத டீ.

ரெக்கார்டைப் போட்டேன். இழுவை இல்லை, உதறல் இல்லை. அச்சு அசலாக அந்தக் காலத்தில் கேட்ட அதே குரல், அதே கீச்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதுதாம்மா என் வீட்டுக்காரி, இதேதான் என்று கை தட்டினேன்.

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பாதிப் பாட்டில் முள்ளைத் தூக்கிவிட்டார். இது சரியில்லையே சார், இந்தம்மா மூச்சு விடாமல் ஓடுறாங்களே, மனுஷங்க இப்படியா பாடுவாங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்துநாலு வருஷம் கேட்ட எனக்குத் தெரியாதா என்றேன். வீட்டில் இருந்த மற்ற சினிமாப் பாட்டு ரெக்கார்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, ரேடியோவில் இதே பாட்டு இவ்வளவு வேகமாகவா வருது என்று கேட்டார். ரேடியோக்காரன் சம்பளத்துக்காக இழுத்துப் பாட வைக்கிறான் என்று நான் எப்போதும் சொல்வேனே, அதையே சொன்னேன். அதற்கு அவர், நாளைக்கு வருகிறேன், செகண்டு முள் சரியாக ஓடுகிற கடிகாரம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். யாரைப் பார்த்து என்ன கேள்வி பார்! நான் ரிட்டயர் ஆனபோது டெப்போவில் கொடுத்த ஸ்டாப் வாட்சைத் துடைத்து மேஜை மேல் தயாராக வைத்திருக்கிறேன். நாளைக்கு அந்தம்மா மூக்கு உடையப் போகிறது.

இன்னும் பதினைந்து நாள். தொண்டையைக் கனைக்கக்கூடச் செய்யாதே.

இப்படிக்கு,
வெற்றி நிச்சயம் என்று இருக்கும்
உன் வீட்டுக்காரன்


என் மனைவிக்கு,

போன கடிதம் இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிடு. இல்லை, வேண்டாம், வைத்துக்கொள், நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு என் கையெழுத்திலேயே சாட்சியாக இருக்கட்டும். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

மெஷின்காரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினார். அது விரல் நுனியைத் தொட்டுப் போகும்போதெல்லாம் ஒன்று என்று எண்ண வேண்டும். இந்த மாதிரி ரெக்கார்டு மூன்று நிமிடத்துக்குச் சரியாக நூறு சுற்றுச் சுற்ற வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றார். வாட்ச் என் கையில். அவர் எண்ணினார். நான் நிறுத்து என்றபோது அவர் சொன்ன எண் நூற்றி ஒன்பது.

நீங்கள் தப்பாக எண்ணிவிட்டீர்கள் என்றேன். அப்போ நீங்களே எண்ணுங்க என்று வாட்சை வாங்கிக்கொண்டார். எண்ணினேன். நூற்றி ஒன்பது. சுவர்க் கடிகாரத்தை வைத்து இன்னொரு தரம் எண்ணினேன். எனக்கு வியர்த்துவிட்டது. நூறு சுற்ற வேண்டிய நேரத்தில் நூற்றி ஒன்பது. ஒரு நிமிஷம் முன்னால் கிளம்பின பஸ்ஸைப் பிடித்து வைத்துச் சத்தம் போட்ட ஆள் நான். என் வீட்டுக் கூடத்திலேயே ஒரு வண்டி இத்தனை வருஷமாக முன்னால் ஓடியிருக்கிறது, ஒரு நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேனா?

அவர் தட்டைத் தூக்கி, மோட்டார் தலையில் இருந்த கப்பியை நகத்தால் சுரண்டினார். முந்தின நாள் அதைக் கறுப்புக் கப்பி என்று நினைத்துவிட்டாராம். நகத்தோடு பிசின் மாதிரி ஒரு கறுப்பு வந்தது. அதற்குள்ளே பித்தளை பளிச்சென்று தெரிந்தது. கப்பி பருத்தால் தட்டு வேகமாகச் சுற்றும் சார், இதில் எவனோ டேப்பைச் சுற்றி வைத்திருக்கான், பெல்ட் வழுக்கினால் பெல்ட்டை மாற்றணும், மாற்றினதும் இதை எடுத்திருக்கணும், எந்த அரைகுறை பார்த்த வேலை இது என்று கேட்டார். யாரோ ஒரு எலக்ட்ரீசியன் என்று சொல்லிவிட்டேன். டீ போட உள்ளே போனவன், பாலை வைக்காமலே திரும்பி வந்து, நான்தாம்மா அந்த அரைகுறை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த துணியை என் கையில் கொடுத்து, அப்போ நீங்களே துடைங்க என்றார்.

துடைத்தேன். மூன்று சுற்று டேப், மூன்றும் என் கையால் சுற்றியது. வெறும் கப்பியில் ஓட விட்டு எண்ணினால் தொண்ணூற்றெட்டு. மோட்டாரின் அடிவயிற்றில் ஒரு சின்ன திருகு இருக்கிறது, கொண்டையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி அதை ஒரு மயிரிழை திருப்பினார். தொண்ணூற்றொன்பதரை. இது போதும் என்றேன். என்னைப் பார்த்த பார்வையே, டைம்கீப்பரா நீ என்று கேட்டது. பாதி மயிரிழை திருப்பினார். நூறு. இன்னொரு தரம் எண்ணினோம். நூறு. இப்படி வேலை செய்கிறவரை நான் டெப்போவில்கூடப் பார்த்ததில்லை. எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது, கும்பிட்டும் விட்டேன்.

அப்புறம் உன் ரெக்கார்டை வைத்தோம்.

எப்படிச் சொல்வேன்? கீச்சென்ற எலி எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு பெண் நிதானமாக வந்து உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் வாயைத் திறந்தாள். கனமான குரல், அடியில் ஆழமாக, மேலே போகும்போது ஒரு பிசிறு இல்லாமல். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு எடுப்பது கேட்டது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும். கல்யாணமான புதிதில் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது பாடுவாயே, நான் கீழே மாடிப்படியில் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்பேனே, அதே குரல். அதனால் ஒரு நாள் டியூட்டிக்குக்கூடப் பத்து நிமிஷம் லேட். அதை உன்னிடம் சொன்னதே இல்லை. ரெக்கார்டு வந்தபோது, மாடியில் கேட்டது வேறு மாதிரி இருந்ததே என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. மெஷின் பொய் சொல்லாது, என் காதுதான் ஆசையில் கெட்டிருக்கிறது என்று விட்டுவிட்டேன். நான் ரிப்பேர் செய்த மெஷின் ஆயிற்றே!

மெஷின்காரம்மா கையில் இருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். பிறகு என்னிடம், இவங்க ஏன் அப்புறம் பாடலை சார் என்று கேட்டார்.

அந்தக் கம்பெனிக்காரர் இரண்டாவது ரெக்கார்டுக்கு, நீ மட்டுமே பாடும் முழு ரெக்கார்டுக்கு, உன்னை வரச் சொல்லிக் கடிதம் போட்டாரே. போகட்டுமா என்று என்னைக் கேட்டாய். உன் இஷ்டம் என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். அந்த எலிக் குரலை இன்னும் நாலு ஊருக்குக் கேட்க வைக்கணுமா என்று நீ முணுமுணுத்தாய். அப்படி எல்லாம் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் வேலை அதிகம் என்று நீ எழுதிய பதிலை டெப்போவுக்குப் போகிற வழியில் நான்தான் தபால் பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு மாடியிலும் பாடவில்லை. குழந்தை பிறந்தது, வேலை கூடிவிட்டது என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

உன் குரலில் ஒரு குறையும் இருந்ததில்லை. அன்றும் இல்லை, என்றும் இல்லை. குறை என் மூணு சுற்று டேப்பில் இருந்தது. உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்க வேண்டும். தங்கைக்கும் இதையே எழுதிவிட்டேன். இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லி உன்னை நான் கூப்பிட மாட்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை நாம் ஒரு நாளும் கடைசிவரை கேட்டதில்லை. யார் போட்டாலும் இரண்டாம் அடி முடிவதற்குள் நீ சமையலறையிலிருந்து வந்து முள்ளைத் தூக்கிவிடுவாய். இந்தத் தரம் தூக்க ஆள் இல்லை. பாட்டு முடிந்தது, வாத்தியம் நின்றது, தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கம்பெனிக்காரன் சோம்பேறி, பதிவின் வாலை வெட்டாமல் விட்டிருக்கிறான். பாடி முடித்தவள் ஒரு பெருமூச்சு விடுகிறாய். பக்கத்தில் இருக்கிற யாரிடமோ, மெதுவாக, சரியா இருந்துச்சா என்று கேட்கிறாய். அதோடு முள் நடுவுக்குப் போய்விடுகிறது. யாரும் பதில் சொல்வது கேட்கவில்லை.

மெஷின்காரம்மா அதைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசல் வரை போனவர் திரும்பி, இதை அவங்ககிட்ட எழுதிடுங்க சார், தள்ளிப் போடாதீங்க என்றார். அவர் போன பிறகு நான் முள்ளைத் திரும்பத் திரும்ப அந்தக் கடைசி இடத்தில் வைத்தேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

நாற்பதாம் நாள் நான் அங்கே இருப்பேன். டாக்டர் விரட்டினால் வராந்தாவில் நிற்பேன், அங்கேயும் விரட்டினால் ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். குரல் பழையபடி வரலாம், கரகரப்பாக வரலாம், காற்றாகவே வந்து நிற்கலாம். எது வந்தாலும் அது உன் குரல், எனக்கு அது போதும். என்னைத் திட்ட வேண்டும் என்றால் ஆசை தீரத் திட்டு, எனக்கு அது வேண்டியதுதான். தாமதமாக வருகிறவனை மன்னிப்பேன் என்று நான் பீற்றிக்கொண்டதை மட்டும் ஒரு தரம் நினைத்துப் பார்.

திட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. அந்த ரெக்கார்டின் கடைசியில் கேட்டாயே, அதை என்னைப் பார்த்து ஒரு தரம் கேள். சத்தம் வராவிட்டால் உதட்டை அசைத்தாலும் எனக்குப் புரியும். முப்பத்துநாலு வருஷமாகப் பதில் என்னிடம்தான் இருக்கிறது, தயவு செய்து கேள்.

இப்படிக்கு,
மாடிப்படியில் உட்கார்ந்து கேட்ட
உன் வீட்டுக்காரன்